பச்சைப் புள்ளி வைத்த பந்து

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? கீழ் அறையிலேயே படுக்கிறாயா, இல்லை எனக்கு மட்டும் அப்படி எழுதிவிட்டு மாடிக்கு ஏறுகிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவரும் சுகம். சுகத்துக்கு ஒரு படி மேலே என்றே சொல்லலாம்.

உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. லேப் முதலாளியம்மா போன் பண்ணினார். "நீ போனதுலேர்ந்து பல் செட்டெல்லாம் திரும்பித் திரும்பி வருதும்மா. புதுப் பொண்ணு அடுக்குற பல்லை மாட்டினா ஆளு சிரிக்கவே பயப்படுறாங்க. வாரத்துக்கு மூணு நாள் வந்தாப் போதும், உன் மேஜை அப்படியே இருக்கு" என்றார். என் மெழுகுக் கத்தியை வேறு யாரும் எடுக்கவில்லையாம்.

அவர் ஓய்வு பெற்றபோது, "நீயும் விட்டுடு, இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்" என்றார். விட்டேன். இப்போது சேர்ந்து இருப்பது அவரும் கோல்ஃபும். காலையில் கண் விழித்ததும் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார். ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, கம்பளத்தின் நுனியில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, பந்தை உருட்டிக்கொண்டிருப்பார். நான் சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டால் "ச்ச்" என்று ஒரு சத்தம் வரும். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "ம்" என்றார். சரி என்ற "ம்"மா, கேட்கவில்லை என்ற "ம்"மா, தெரியவில்லை. கேட்டு முடிப்பதற்குள் பந்து டம்ளருக்குள் போய்விட்டது. அந்த மகிழ்ச்சியில் என் கேள்வி போன இடம் தெரியவில்லை.

நான் என்ன செய்ய? எழுது.

உன் தங்கை,
குருவி

ஜனவரி 20

என் குருவிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் பரவாயில்லை. மாடிக்கு ஒரே ஒருமுறை ஏறினேன், துணி எடுக்க. இதை நீ கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் விளையாட்டைப் பற்றி இங்கே நூலகத்தில் ஒரு புத்தகம் புரட்டினேன். எவ்வளவு குறைவான அடியில் முடிக்கிறாரோ அவர்தான் கெட்டிக்காரராமே. மார்க் குறைந்தால் முதலிடம் என்றால் என் வகுப்பில் பாதிப் பேர் சாம்பியன்கள்.

ஒன்று சொல்கிறேன். நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது ஒரு பையன் இருந்தான். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க ரயில் இஞ்சின் வரைவான். கண்டித்தேன், நோட்டைப் பிடுங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தச் சக்கரம் ஏன் பெரிசு, அந்தச் சக்கரம் ஏன் சின்னது?" என்று கேட்டேன். அரைமணி நேரம் விளக்கினான். மறுநாளிலிருந்து நான் சொன்னதை அவனும் கேட்டான். நாம் ஒருவருடைய உலகத்துக்குள் ஒரு தரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால், அவரும் நம்முடையதை எட்டிப் பார்ப்பார்.

ஒரு மாதம் அவரோடு போய் வா. அவர் பார்ப்பதைப் பார். பிறகு வேலை விஷயத்தைக் கேள். முதலாளியம்மாவிடம் மார்ச் கடைசி வரை அவகாசம் கேட்டு வை.

காலையில் வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதே.

அக்கா

பிப்ரவரி 14

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னபடியே போய் வருகிறேன். நடை அதிகம் என்பதால் குதிகால் கொஞ்சம் வலிக்கிறது, மற்றபடி நலம். முதலாளியம்மா மார்ச் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார்.

இடம் அழகாகத்தான் இருக்கிறது. சீப்பு வைத்து வாரினமாதிரி புல். ஆனால் அங்கே பேசக்கூடாது அக்கா. ஒருவர் மட்டையை ஓங்கினால் மற்றவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அடிப்பவருக்குப் பின்னால் நிற்கக்கூடாது. நிழல் பந்தின் மேல் விழக்கூடாது. நான் முதல் நாள் தும்மினேன். அவருடைய கூட்டாளி, பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னை ஏதோ சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவருக்குக் கண்புரை. அடித்த பந்து கொஞ்ச தூரம் போனதுமே அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. "எங்க போச்சு?" என்று என்னைக் கேட்பார். நான் விரலை நீட்டுவேன். டாக்டர் அறுவை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு சில வாரம் குனியக்கூடாது, மட்டை பிடிக்கக்கூடாது என்றதும் இவர் எழுந்து வந்துவிட்டார். இந்தக் கண் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ வெளி இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொருவரும் தன் பந்து எது என்று தெரிய அதில் ஓர் அடையாளம் போடுவார்கள். இவருக்கு மூன்று பச்சைப் புள்ளி. பல்லுக்கு நிறம் பார்த்த கை இல்லையா, நான் வைத்தால் எல்லாப் பந்தும் அச்சில் வார்த்தமாதிரி ஒன்றாக இருக்கிறது. பேங்க்காரர்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "கடையில போட்டதா?" என்றார்.

பந்து புதருக்குள் போனால்தான் கஷ்டம். கொஞ்ச நேரம் தேடலாம். கிடைக்காவிட்டால் அடித்த இடத்துக்கே திரும்ப நடந்து, ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டு, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு நாளில் இப்படி நாலைந்து தடவை நடக்கும். போன வாரம் மழைத் தூறலில் இப்படித்தான் தேடிக்கொண்டிருந்தோம். எனக்குக் குதிகால் தெறித்தது. நல்லவேளை, அன்று பந்து கிடைத்துவிட்டது. சீக்கிரம் வீடு வந்து சேர்ந்தோம்.

உனக்கு வெந்நீர் ஒத்தடம் நினைவிருக்கட்டும்.

குருவி

மார்ச் 21

குருவிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் தபால் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு உன் குதிகால் மேல். இப்போது உன் மேலேயே படுகிறேன்.

மார்ச் முடியப் போகிறது. மாப்பிள்ளையிடம் கேட்டாயா? ஒரு மாதம் என்றுதானே சொன்னேன்? மாணவனுக்கு ஊன்றுகோல் கொடுக்கும்போதே எப்போது வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கோலே காலாகிவிடும்.

கண்ணை அறுவை செய்யச் சொல். என் பக்கத்து வீட்டம்மா செய்துகொண்டு வந்து, தன் வீட்டில் இத்தனை ஒட்டடை இருந்ததா என்று அழுதாள். அவ்வளவு துல்லியமாம்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் உடம்பை எழுது. வேலையையும் எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உடம்பு சரியாக இருக்கிறது.

இவருடைய ஆட்டம் திடீரென்று ரொம்ப முன்னேறிவிட்டது. எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தது ஐந்து நாள் ஆகிவிட்டது. நான் போகாமல் முடியவில்லை. முதலாளியம்மாவிடம் இன்னொரு முறை தவணை கேட்டேன். "ஜூன்ல முதல் திங்கட்கிழமை. அதுக்கு மேல முடியாதும்மா, வேற ஆள் போட்ருவேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார், ஹாரன் கேட்கிறது. மீதி பிறகு.

குருவி

ஏப்ரல் 19

அன்பும் மரியாதையும் கலந்த அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் முழங்கால் குணமாகி வருவதாக உங்கள் தங்கை சொன்னாள். மகிழ்ச்சி. நான் கடிதம் எழுதுவது எனக்கே புதிது. நல்ல செய்தி என்பதால் எழுதுகிறேன்.

இந்த வயதில் எனக்கு ஆட்டம் கை வந்துவிட்டது அண்ணி! பத்து வருடமாக முட்டி மோதியும் வராதது இரண்டே மாதத்தில் வந்திருக்கிறது. முன்பெல்லாம் புதருக்குள் போன பந்து போனதுதான். இப்போது அநேகமாக எல்லாமே புதர் ஓரத்திலேயே, அடிக்கத் தோதாகக் கிடக்கின்றன. அடியில் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது என்று பேங்க்காரர் சொல்கிறார். மூத்தோர் அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் போட்டி. அதில் ஜெயித்தால் திங்கட்கிழமை வெளியூரில் அடுத்த சுற்று.

எல்லாம் குருவி வந்த ராசி. அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடுவதில்லை. இந்த நேரம் பார்த்துப் பல் லேப்புக்குத் திரும்பப் போகிறேன் என்கிறாள். இத்தனை வருடம் ஊரார் பல்லைக் கட்டியது போதாதா? நீங்கள் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 27

குருவி,

உன் வீட்டுக்காரர் எனக்கு எழுதியிருக்கிறார். முத்து முத்தான எழுத்து. படித்துவிட்டு அரைநாள் எனக்கு வேலை ஓடவில்லை.

முப்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்தினவள் நான். எப்போதும் தப்பாகவே கணக்குப் போடுகிற பையன் ஒரு நாள் எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருந்தால், நான் அவன் தாளைத் திரும்பப் பார்க்க மாட்டேன். அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்ப்பேன்.

மாப்பிள்ளைக்குப் பார்வை மங்கல். புதருக்குள் போகிற பந்தெல்லாம் வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் குருவி?

திட்ட மாட்டேன். எழுது.

அக்கா

மே 6

அக்கா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். அதையும் நீ மார்க்கில் சேர்த்துக்கொள்.

அந்தத் தூறல் நாளில் பந்து கிடைக்கவில்லை. என் கைப்பையில் புள்ளி வைத்த பந்து ஒன்று இருந்தது. முந்தின நாள் காயவைத்து எடுத்துப் போட்டது. அவரும் பேங்க்காரரும் அந்தப் பக்கம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று நினைத்தேன். பந்தைப் புல்லில் நழுவவிட்டு, "இங்க இருக்கு!" என்று கத்தினேன். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை, சத்தியமாக.

மறுதடவையும் அதே காரணம். மூன்றாம் தடவை பழக்கமாகிவிட்டது. சீக்கிரம் முடியட்டும் என்று நான் ஒவ்வொரு பந்தாகப் போடப் போட, அவருடைய அடிகள் குறைந்துகொண்டே வந்தன. அடி குறையக் குறைய அவருக்கு ஆசை ஏறியது. ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் வாரத்தில் மூன்று நாளைக் கூடுதலாகத் தொலைத்தேன். நானே சுவர் எடுத்து நானே உள்ளே நிற்கிறேன் அக்கா. கதவு வைக்க மறந்துவிட்டேன்.

இப்போது எப்படி நிறுத்துவது? நான் போகாவிட்டால் மறுநாளே அவர் பழைய ஆட்டத்துக்கு வந்துவிடுவார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த ஆட்டத்தில் பொய்தான் பெரிய பாவம். தன் பந்து தற்செயலாகக் காலில் பட்டு நகர்ந்தால்கூடத் தானே கையைத் தூக்கிச் சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். சொன்னால் அவருக்கு அவமானம். சொல்லாவிட்டால் தினமும் நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். நேற்று சாப்பிடும்போது, "இந்த வயசுல ஒருத்தன் முன்னுக்கு வர்றான்னா சும்மாவா?" என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேப் கனவில் வருகிறது. மெழுகு உருகும் வாசனைகூட வருகிறது.

குருவி

மே 13

என் குழந்தாய்,

அவரோடு போ என்று சொன்னவள் நான். அந்தச் சுவரில் முதல் கல் என்னுடையது. இதைப் பற்றி இனி பேச வேண்டாம், ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

அவரிடம் சொல்லிவிடு. வெளியாள் சொல்வதற்கு முன்னால், வீட்டில் வைத்து, நீயே சொல்லு. கணக்கில் நடுவரி தப்பென்றால் விடையை மட்டும் அடித்துத் திருத்திப் பயனில்லை. தப்பின இடத்துக்கே போய் அங்கிருந்து மறுபடி போட வேண்டும். கோபப்படுவார். நாலு நாள் பேசமாட்டார். அப்புறம் சாப்பாடு எங்கே என்று கேட்பார்.

சொன்னதும் எழுது. நான் இங்கே மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறேன். நீ உன்னைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 24

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவர் ஹாலில் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, "அந்தப் பந்தெல்லாம் நான் போட்டது" என்றேன். துடைத்துக்கொண்டிருந்த துணி நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"மார்ச்லேர்ந்தே. நீ அந்தப் பக்கம் நின்னு 'இங்க இருக்கு'ன்னு கூப்பிடுறே, என் பந்து இங்க என் காலடியில இடறுது. மூணு பச்சைப் புள்ளி. எடுத்து ஜோப்புல போட்டுக்கிட்டேன்."

"ஏன் சொல்லலை? அன்னைக்குச் சாப்பிடும்போதுகூட முன்னுக்கு வர்றேன்னு சொன்னீங்களே?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "எனக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் பண்றாளேன்னு இருந்துச்சு. எங்கம்மாகூட எனக்காகப் பொய் சொன்னதில்ல குருவி. அதைப் போய் எப்படிக் கேக்குறது?" என்றார்.

நான் வீட்டுக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் செய்தேன். அது நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. விழுங்கிவிட்டேன்.

பிறகு அவரே சொன்னார். "அந்தச் சனிக்கிழமை ஒண்ணு மட்டும் பார்த்துக்கோ. ஜெயிச்சா திங்கட்கிழமை ஒண்ணு. அப்புறம் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிறேன், நீயும் உன் லேப்புக்குப் போ. ஒரு வாரம் தள்ளி வர்றேன்னு அவங்ககிட்டச் சொல்லிடேன்."

"அவங்க இனிமே தள்ள மாட்டாங்க."

"கேட்டுப் பாரு. நீ கேட்டா தள்ளுவாங்க. நல்லவங்கதானே!"

முன்பு அவருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். இப்போது தெரிந்தே கேட்கிறார், அதுவும் அன்பு என்று நம்பிக் கேட்கிறார். இதிலிருந்து எந்த வழியாக வெளியே வருவது, சொல்லு.

குருவி

மே 29

குருவி,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். வகுப்பில் எனக்குக் கிடைத்த பிள்ளைகள் அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்தேன். இதற்கு ஓர் உதாரணமும் அகப்படவில்லை.

போன முறை நான் சொன்னபடி நீ செய்து, எங்கே வந்து நின்றாய் என்று பார்த்துவிட்டேன். இனி சொல்ல மாட்டேன். நீ எதைச் செய்தாலும் எனக்கு எழுது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நான் நலம். குதிகால் வலிகூட இன்று இல்லை. உன் காலுக்குப் புது எண்ணெய் கேட்டு வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

சனிக்கிழமை போனேன். பையில் பந்து இருந்தது. போட வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை, வேண்டாம் என்றும் முடிவு செய்யவில்லை. உன்னிடம் பொய் சொல்வானேன்.

கடைசிக்கு முந்தின குழி வரைக்கும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அங்கே அவர் அடித்த பந்து வலது பக்கப் புதருக்குள் போயிற்று. எனக்கு நன்றாகத் தெரிந்தது, உள்ளே, ஆழத்தில். எல்லோரும் வந்து தேடினார்கள். எதிர் அணிக்காரர்கூட மட்டையால் செடிகளை விலக்கி, பாவம், அக்கறையாகத் தேடினார். இவர் மட்டும் தேடவில்லை. புல்லைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாப் பாரு குருவி, அங்கதான் எங்கேயாவது இருக்கும்" என்றார். குரல் அவ்வளவு மிருதுவாக இருந்தது.

பைக்குள் கையை விட்டேன். பந்து விரலில் பட்டது. திங்கட்கிழமை என்று மனசில் ஓடியது. பேங்க்காரர் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு நொடி வேலைதான்.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன். "உள்ள போயிடுச்சுங்க. இனிமே கிடைக்காது" என்றேன்.

அவர் தன் மட்டைப் பையிலிருந்து வேறு பந்தை எடுத்துக்கொண்டு, அடித்த இடத்துக்குத் திரும்ப நடந்தார். அவ்வளவு நீளமான புல்லில் அவர் ஒருவர் மட்டும் போவது பார்க்கச் சங்கடமாக இருந்தது. கூடப் போக என் கால் ஓர் எட்டு எடுத்தது. நிறுத்திக்கொண்டேன். அங்கே போய் நின்று அடித்தார். "எங்க போச்சு?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அவரே கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். தோற்றார்கள்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "ஏன்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார். "திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். "முன்னாடியும் அவ்வளவுதான். வீட்டுக்குச் சீக்கிரம் வரணும், அதுக்குத்தான் போட்டேன்" என்று விழுங்கினதையும் சொல்லிவிட்டேன். ஞாயிறு முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். டம்ளரை எடுக்கவில்லை. நான் வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டுப் பார்த்தேன். "ச்ச்" வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று லேப்புக்குப் போனேன். முதல் வேலையே ஒரு பாட்டு வாத்தியாருடைய கீழ்த்தாடை செட். பழைய செட்டில் 'ஸ' வந்தால் விசில் அடிக்கிறதாம். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "என்ன பண்ணினே இன்னைக்கு?" என்று கேட்டார். அவர் என்னிடம் இதைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறதோ! செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அச்சு எடுத்தது, மெழுகில் பல் அடுக்கினது, முன்பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினது, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாதியில் கண் ஜன்னலுக்குப் போயிற்று.

"நாளைக்கு மழை இருக்காதுபோல" என்றார்.

"இருக்காது. கார் சாவி ஆணியில மாட்டியிருக்கு. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றேன்.

"பந்து எங்க போகுதுன்னு யாரு பார்க்குறது?"

"டாக்டர்தான் பார்க்கணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கடைவாய்ப் பல் பாக்கி இருந்தது. அவற்றை எப்படி வைத்தேன் என்பதையும் அவருக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உன்,
குருவி